ஆறின காலும் ஆறாத கார்டும்

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பாதி மறந்தும் போச்சு. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமும் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். தாள் என் முகத்தைப் பார்க்காது பாருங்கள்.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்குக் கார்டு வேலை. வருகிற நோயாளிக்கு ஒரு கார்டு எழுத வேண்டும். ஊர், வயசு, என்ன நோவு, என்ன மருந்து, கடைசியில் என்ன ஆச்சு என்று கட்டம் கட்டமாக இருக்கும். எழுதி முடித்து மரப்பெட்டியில் வரிசையாக அடுக்க வேண்டும். பேச்சே தேவையில்லாத வேலை. எனக்கென்றே செய்துவைத்த வேலை மாதிரி இருந்தது.

எங்களுக்கு அதிகமாக வந்தது கால் புண். டவுனிலிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் வருவார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலில் பொத்துக்கொள்ளும். கிராமத்தில் முள் குத்தி, மண்வெட்டி பட்டு, அப்படியே வயலில் இறங்கிப் புண்ணாகும். டவுன்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பென்சிலின் ஊசி. கிராமத்துக்காரர்களுக்கு ஊசி கிடையாது. புதன்கிழமை தோறும் எங்கள் நர்ஸக்கா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாணார்பட்டி பஸ் ஏறுவார். உப்புத்தண்ணியில் புண்ணைக் கழுவி, களிம்பு வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டு வருவார். அவர் குரலுக்குப் பயந்து கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவைத்திருப்பார் என்று சொல்வார்கள். நான் பார்த்திருக்கிறேன், உண்மைதான்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் ஒரு பேச்சு வந்தது. கட்டு மட்டும் போட்டால் புண் ஆறுகிறதா, இல்லை ஊசி போட்டால்தான் ஆறுகிறதா? கட்டால் பிரயோஜனம் இல்லையென்றால் புதன்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடலாம், எல்லோரும் டவுனுக்கே வரட்டும் என்றார்களாம். சொல்வது சுலபம். களை எடுக்கிறவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டவுனுக்கு வந்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? வரமாட்டாள். புண்ணோடு கிடப்பாள். ஆவணியில் முடிவு சொல்கிறோம் என்று எங்கள் டாக்டரம்மா தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா மெட்ராஸ் பக்கம். சிரித்த முகம். ஆனிமாசம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சித்திரையில முதல் தடவை வந்தவங்க கார்டை மட்டும் எடும்மா. ஊசி தனி, கட்டு தனி. அதுல ஆறினது ஒரு அடுக்கு, ஆறாதது ஒரு அடுக்கு. எது உசரமா இருக்குன்னு பார்ப்போம்."

எடுத்தேன். கட்டுக் கார்டுகளில் நிறைய, கடைசிக் கட்டம் காலியாகக் கிடந்தது. அந்த ஆட்கள் நாலஞ்சு வாரம் வந்திருக்கிறார்கள், பிறகு வரவில்லை. இதை எந்த அடுக்கில் வைக்க என்று கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன்? கார்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"திரும்ப வராதவங்கன்னா ஆறலைன்னுதான் அர்த்தம். ஆறியிருந்தா சந்தோஷமா வந்து சொல்லியிருப்பாங்களே" என்றார்.

நான் தலையாட்டினேன். இங்கேதான் நான் செய்த தப்பு. அவர் மெட்ராஸ்காரர், தெரியாது. நான் சாணார்பட்டிப் பக்கத்தில் பிறந்தவள். நோவு ஆறினதை வாய்விட்டுச் சொன்னால் கண்ணுபட்டுத் திரும்பி வந்துவிடும் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். காய்ச்சல் விட்டுப் பத்து நாளான பிறகும் எங்கள் அய்யா "ஏதோ கெடக்கேன்" என்றுதான் சொல்வார். அதெல்லாம் தெரிந்தும், பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு, காலிக் கார்டுகளை எல்லாம் "ஆறாதது" அடுக்கில் வைத்தேன்.

ஊசியில் ஆறின அடுக்கு ஒரு சாண் வந்தது. கட்டுப் போட்டு ஆறின அடுக்கு நாலு விரல்கூட இல்லை. டாக்டரம்மா ரெண்டையும் விரலால் அளந்து பார்த்தார். "பாவம், இத்தனை வருஷமா வெயில்ல அலைஞ்சிருக்காங்க" என்று நர்ஸக்காவை நினைத்துச் சொன்னார்.

ரெண்டு நாள் கழித்துக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். தலையில் தக்காளிக் கூடையோடு ஒருத்தி எனக்கு முன்னால் விறுவிறு என்று போகிறாள். தெரிந்த முகம். சித்திரையில் நர்ஸக்காவோடு உதவிக்குப் போனபோது நானே கார்டு எழுதிய பொம்பளை. முழங்காலுக்குக் கீழே கட்டு இல்லை. புண் இருந்த இடத்தில் பளபள என்று புதுத்தோல்.

"அக்கா, காலு..." என்றேன். அவ்வளவுதான். கூடையை இறக்கிவைத்துச் சேலையைக் கணுக்கால் வரை இழுத்து மூடினாள்.

"எங்க தாயி! வலி உசுரு போகுது. இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னைவிட வேகமாகப் போனாள்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. அவள் கார்டு "ஆறாதது" அடுக்கில் இருக்கிறது. அவளைப் போல இன்னும் எத்தனையோ? என் கையால் அடுக்கியதை வைத்து நர்ஸக்காவின் புதன்கிழமையை நிறுத்தப்போகிறார்கள். சொல்ல வேண்டும். ஆனால் டாக்டரம்மாவிடம் போய் நீங்கள் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? காலையில் அவர் அறை வாசல் வரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். மூன்று தடவை இப்படி. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "என்ன, கோயிலா சுத்துற? உண்டியல் உள்ள இருக்கு" என்று கேலி செய்தார்.

கடைசியில் அந்தக் கார்டை எடுத்து, பென்சிலால் ஒரு வரி எழுதி, அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். எழுதியது இதுதான்: "இந்தக் காலை மார்க்கெட்டில் பார்த்தேன். ஓடுகிறது."

செத்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். "யாரும்மா இது? கால் மட்டும் தனியா ஓடுதா?" என்று கார்டோடு அவரே என் மேஜைக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். கண்ணுபடும் கதையை, அய்யா காய்ச்சலை, எல்லாவற்றையும் மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ நான் எண்ணினது புண்ணை இல்ல. யாரு வந்து சொன்னாங்கன்னு எண்ணியிருக்கேன்" என்றார். "காலியா இருந்தா ஆறலைன்னு சொன்னது நான். நீ முழிக்காத."

நர்ஸக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்கு அதுவரை இந்தக் கணக்கே தெரியாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, உப்புப் போட்டுக் கழுவுனது நானு, அடுக்கு வச்சுக் கவுத்தது நீயா? ஊமைக் கோட்டான்! மூணு வருசமா ஒன் தூக்குச்சட்டில பாதி வெஞ்சனம் நான்தான் திங்கிறேன், ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா?"

"சொல்லத்தான்க்கா கார்டு வச்சேன்..."

"கார்டு வச்சாளாம். பூ வச்ச மாதிரி."

டாக்டரம்மா நடுவில் புகுந்தார். இனிமேல் யார் வாயையும் கேட்கக் கூடாது, காலைத்தான் பார்க்க வேண்டும். கட்டுப் போட்டவர்களை மட்டும் தேடிப் போனால் அதுவும் ஒருதலைப்பட்சம். ஊசி போட்டவர்களையும் அதே மாதிரி, ஆறினதாக எழுதியிருந்தாலும் சரி, போய்ப் பார்க்க வேண்டும். சித்திரையில் வந்த அத்தனை பேரையும் ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். ஒருத்தரை ஆடியிலும் இன்னொருத்தரை ஐப்பசியிலும் பார்த்தால் பின்னால் பார்த்தவருக்கு ஆற நாள் கூடக் கிடைத்துவிடும் அல்லவா?

கிராமத்துக்கு நர்ஸக்காவோடு நானும் போனேன். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். நாங்கள் வருவதைக் கண்டதும் ஆட்கள் நொண்ட ஆரம்பித்தார்கள். மாட்டைப் பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலையை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள், மாட்டை நிறுத்திவிட்டுத் தத்தித் தத்தி வந்தார்.

"ஏலே அப்பு, காலக் காட்டு" என்றார் அக்கா.

"நல்லாவே இல்ல தாயி."

"நல்லா இல்லாத காலோடதான் விடியக் காலம்பறயிருந்து முன்னயும் பின்னயும் நடக்குறியா? ஒன் மாட்டுக்குத் தெரியுமா இது?"

பக்கத்து வரப்பிலிருந்த பொம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் வெட்கப்பட்டு வேட்டியைத் தூக்கிக் காட்டினார். ஆறி, முடிகூட முளைத்திருந்தது. "கண்ணு போட்றாதீக" என்று கெஞ்சினார். அக்கா சும்மா எழுதிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பெட்டியிலிருந்து புண் கழுவ வைத்திருந்த கல்லுப்பை ஒரு கை அள்ளி, அவர் காலை மூணு சுற்றுச் சுற்றி, "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, இந்தக் கார்டுக்காரி கண்ணு" என்று சொல்லி வாய்க்கால் தண்ணியில் போட்டார். அவ்வளவுதான், சேதி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. அடுத்த ஊரில் ஆட்கள் தாங்களாகவே காலைக் காட்டி, "உப்பு சுத்திட்டு எழுதுங்க" என்று நின்றார்கள். மத்தியானத்துக்குள் உப்பு தீர்ந்து, புதுக்கட்டுப் போட வேண்டியவர்களுக்கு ஒரு வீட்டில் உப்புக் கடன் வாங்கினோம்.

எல்லாக் காலும் ஆறவில்லை. ஒரு கிழவருக்கு அப்படியே இருந்தது. அதையும் உள்ளபடி எழுதினோம்.

டவுனில் சிரிப்பில்லை. ஊசி போட்டு ஆறிவிட்டது என்று எழுதியிருந்தவர்களைத் தேடி டாக்டரம்மாவோடு போனேன். ஒரு சந்தில் ஒரு ஆள் எங்களைக் கண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். துணியைப் பிரித்தால் புண் ஈரமாகவே இருக்கிறது.

"ஆறிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் சீட்டுகூட எழுதிக் கொடுத்தேனே?" என்றார் டாக்டரம்மா.

"சீட்டு இருந்தாத்தானம்மா ஷாப்புல திரும்பச் சேத்துக்குவாக. மேல கொஞ்சம் காஞ்சிருந்துச்சு. அன்னிக்குச் செத்த நேரம் வலியைப் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்களும் அவசரத்துல இருந்தீக."

அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். வரும் வழியில் டாக்டரம்மா கார்டுகளை மறுபடி புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "அங்க ஆறினவங்க ஆறலைங்கறாங்க. இங்க ஆறாதவங்க ஆறிடுச்சுங்கறாங்க. நடுவுல நான் அடுக்கு உசரம் பார்த்திருக்கேன்" என்றார். மறுநாள் அந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு மறுபடி ஊசிக்கு எழுதினார்.

எல்லாக் காலையும் பார்த்தாகிவிட்டது, இனி திரும்ப அடுக்கினால் முடிந்தது என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா விடவில்லை. டவுனில் எந்த மாதிரிப் புண், கிராமத்தில் எந்த மாதிரிப் புண் என்று பார்க்காமல் மொத்தமாக எண்ணக் கூடாது என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் ஊரில் மல்லிகை உண்டு. விடியக் காலையில் பறித்த மொட்டையும் மத்தியானத்து வாடின பூவையும் பக்கத்தில் வைத்து, எந்தத் தோட்டம் ஒசத்தி என்று யாராவது கேட்பார்களா? மொட்டுக்கு மொட்டு வைக்க வேண்டும். அதே மாதிரி ஒரு ஊசிக் கார்டுக்குப் பக்கத்தில், அதே அளவுப் புண், அதே மாதிரி வயசு, எத்தனை நாள் பழைய புண் என்பதும் ஒத்துப்போகிற ஒரு கட்டுக் கார்டு. ஜோடி ஜோடியாக.

இதில் ஒரு சிக்கல். டாக்டரம்மா கார்டில் புண்ணின் அளவுக்குப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார். நர்ஸக்கா வட்டம் போடமாட்டார். புளியங்கொட்டை அளவு, நெல்லிக்காய் அளவு, வெற்றிலை அளவு என்று எழுதுவார். வட்டத்தையும் வெற்றிலையையும் எப்படிச் சேர்ப்பது? மறுநாள் நான் ஒரு தட்டில் புளியங்கொட்டையும் ரெண்டாக நறுக்கிய நெல்லிக்காயும் வெற்றிலையும் கொண்டுபோய்க் கார்டு அறைத் தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தேன். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, கார்டுக்கு வெஞ்சனம் வைக்கிறியா? சோறு எப்ப?"

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். "நெல்லின்னா அரநெல்லியா, பெருநெல்லியா?"

"பெருநெல்லிம்மா, சிறுமலை நெல்லி. அரநெல்லி அளவுப் புண்ணுக்கு எங்க ஊர்ல ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாக" என்றார் நர்ஸக்கா. "வெத்தலைன்னா கொழுந்து வெத்தலை. முத்தின எலைன்னு நெனச்சுறாதீக."

மூன்று நாள் தரையில் கிடந்தோம். ஜோடி சேர்ந்தவை சேர்ந்தன. வெற்றிலை அளவில்தான் இடித்தது. அவ்வளவு பெரிய புண்ணெல்லாம் டவுன் பக்கம்தான் நிறைய. கிராமத்தில் அதற்கு ஜோடி நாலஞ்சுதான் கிடைத்தது. ஜோடி இல்லாததற்கு ஏறக்குறைய ஒன்றைப் பிடித்து வைக்கட்டுமா என்று ஜாடையில் கேட்டேன். "வேண்டாம். ஜோடி இல்லாததைப் பத்தி நமக்குப் பேச உரிமை இல்ல. ஓரமா வை" என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பேசாமல் இருப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு என்று டாக்டரே சொல்கிறாரே.

முடிவு இதுதான். புளியங்கொட்டைப் புண்ணுக்கு ஊசியும் கட்டும் ஒன்றுதான், வித்தியாசம் சொல்ல முடியாது. நெல்லிக்காய்க்கும் கிட்டத்தட்ட அப்படியே. வெற்றிலை அளவில், இருந்த நாலஞ்சு ஜோடியில், ஊசிதான் முந்தியது. நர்ஸக்காவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எல்லாவற்றிலும் ஜெயிக்க வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். வெற்றிலை ஜோடியை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். மாறவில்லை.

அக்கா வெற்றிலையைத் தட்டின் ஓரம் தள்ளினார். "சரி, வெத்தலையை நான் பஸ் ஏத்தி அனுப்பிவிடுறேன். புளியங்கொட்டைக்கு எதுக்கும்மா பின்னால குத்தணும்?" என்றார். டாக்டரம்மா கையைத் தட்டிச் சிரித்தார். "இதைத்தான் கமிட்டிக்கு எழுதப்போறேன், பின்னால குத்தறதை மட்டும் விட்டுட்டு."

எழுதும்போது ஒன்றைச் சேர்த்தார். டவுன்காரர் சுண்ணாம்பில் நிற்கிறார், கிராமத்துக்காரர் சேற்றில் நிற்கிறார். சாப்பாடு வேறே, செருப்பு வேறே. நாம் ஜோடி சேர்த்ததில் வராத வித்தியாசம் இன்னும் இருக்கலாம் என்று. ஜெயிக்கப்போகிற நேரத்தில் இதை ஏன் எழுதுகிறார் என்று நர்ஸக்காவுக்குக் கோபம். "தெரியாததை மறைச்சா மறுபடி அடுக்கு உசரம் பார்த்த கதைதான்" என்றார் டாக்டரம்மா.

ஆவணியில் கமிட்டி கூடியது. டாக்டரம்மா தட்டோடு போனார், புளியங்கொட்டை, நெல்லிக்காய், வெற்றிலையோடு. ஒருத்தர் வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொள்ளப் போனாராம். யார் இதை அடுக்கியது என்று கேட்டார்களாம். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கம்பவுண்டர் போய், "அவுக இப்ப ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டு வந்து, பீரோவைப் பார்த்து, "ஊருக்குப் போனவுக வெளிய வரலாம்" என்றார்.

புதன்கிழமைப் பயணம் நிற்கவில்லை. பெரிய புண்ணுக்கு என்று, வாரம் ஒன்று போட்டால் போதும் என்கிற ஊசியும் தகரப் பெட்டியில் சேர்ந்தது. பஸ் ஏற்றி அனுப்ப வேண்டிய தேவையும் குறைந்தது. நர்ஸக்கா ஓய்வு பெறும் வரை போனார். உப்பு மட்டும் ரெண்டு பொட்டலம், ஒன்று புண்ணுக்கு, ஒன்று கண்ணுக்கு.

கார்டில் என் கையால் ஒரு மாற்றம் வந்தது. கடைசிக் கட்டத்தில் ஆறியது, ஆறவில்லை என்று இரண்டுதான் இருந்தது. மூன்றாவதாகத் "தெரியவில்லை" என்று சேர்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அதை முதலில் எழுதியது ஒரு பெண்ணின் கார்டில். நெல்லிக்காய் அளவு, இடது கணுக்கால். நாங்கள் தேடிப் போவதற்குள் கல்யாணமாகி நெய்க்காரப்பட்டிப் பக்கம் போய்விட்டது. கடுதாசி போட்டோம், பதில் இல்லை. அந்தச் சித்திரையில் வந்தவர்களில் நாங்கள் பார்க்காமல் விட்ட கால் அது ஒன்றுதான்.

இடது காலா வலது காலா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. சாணார்பட்டிக்குப் போனது புதன்கிழமைதானா, வியாழனா என்பதும் ஒரு நேரம் குழம்புகிறது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்துங்கள். நெய்க்காரப்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போன, கணுக்காலில் தழும்பு இருக்கிற பொம்பளை யாரையாவது தெரிந்தால், வாயால் கேட்காதீர்கள், ஆறவில்லை என்றுதான் சொல்லுவாள். காலைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முதலில் கொஞ்சம் உப்பு சுற்றிவிடுங்கள்.